மின்னஞ்சல் பூட்டும் பிரஜா உரிமையும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, காலாப்பட்டிலிருந்து ஒரு வாலிபர் நமது காரியாலயத்துக்கு வந்தார். பெரிய காலாப்பட்டு மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் வீட்டில் முதன் முதலாகக் கல்லூரி வாசற்படியை மிதித்தவர். அவரிடம் கோபம் காணப்படவில்லை. ஒருவிதமான பிரமிப்பே காணப்பட்டது. "ஐயா, பாஸ்வர்டு சரியாகத்தான் போடுகிறேன். சரி என்று அதுவே சொல்கிறது. ஆனாலும் உள்ளே விட மாட்டேன் என்கிறது. நான்தான் நான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

நடந்தது இதுதான். நான்கு வருஷங்களுக்கு முன் கல்லூரி விண்ணப்பத்துக்கென்று அவர் ஒரு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கினார். அப்பொழுது வீட்டிலிருந்த ஒரே மொபைல் எண் அவருடைய தமையனாருடையது, அதையே கொடுத்தார். பிறகு கல்லூரியில் யாரோ ஒரு பேச்சாளர், கணக்குகளுக்கு இருபடிச் சரிபார்ப்பு வைத்துக்கொள்வதே விவேகம் என்று உபதேசித்தார். நல்ல உபதேசந்தான், இவரும் அப்படியே செய்தார். தமையனார் வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போனார். அந்த எண்ணுக்குப் பணம் போடுவார் இல்லை. எண் செத்துப் போயிற்று. தம்பியின் கைப்போனில் கணக்குத் திறந்தபடியே இருந்ததால் ஒருவருக்கும் இது தெரியவில்லை. பின்னர் அந்தப் போன் படகிலிருந்து கடலில் விழுந்தது. புதிய போன் வாங்கிப் பாஸ்வர்டைக் கொடுத்தபோதுதான், "உமது எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், அதைச் சொல்லும்" என்று வாயில் காப்போன் கேட்டான். அந்த எண் இப்பொழுது முன்பின் அறியாத யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. இதற்குள், வெளிமாநிலத்துக் கல்வி ஸ்தாபனம் ஒன்றில் இவருக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், குறித்த தேதிக்குள் பணம் கட்ட வேண்டுமென்றும் அறிவிக்கும் கடிதம், திறக்க முடியாத அந்தப் பெட்டிக்குள் வந்து கிடந்தது. அவருடைய கணக்கு எந்தக் கம்பெனியில் உள்ளது என்பதை இங்கே கூறப் போவதில்லை. இது ஒரு கம்பெனியின் குற்றமன்று; ஓர் ஏற்பாட்டின் குறை.

பூட்டை நிந்திப்பது நமது நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஒரே பாஸ்வர்டைப் பத்து இடங்களில் வைத்துக்கொள்வது மனித சுபாவம். அவற்றுள் ஓரிடத்தில் களவு போனால் பத்துக் கதவுகளும் திறந்து விடுகின்றன. ஆகவேதான், மனத்தில் இருக்கும் ரகசியம் ஒன்று, கையில் இருக்கும் பொருள் ஒன்று என்று இரண்டு சாட்சிகள் கேட்கும் முறை ஏற்பட்டது. இதனால் பலனில்லை என்று சொல்ல முடியாது. கூகிள் கம்பெனியார் 2021-ம் வருஷத்தில் 15 கோடிக் கணக்குகளைத் தாமாகவே இருபடிச் சரிபார்ப்பில் சேர்த்தார்கள். அவ்வாறு சேர்க்கப்பட்டவர்களிடையே கணக்குகள் களவு போவது பாதியாகக் குறைந்ததாக 2022 பிப்ரவரியில் அறிவித்தார்கள். நமது ரிசர்வ் பாங்கியோ அதற்கு வெகு காலம் முன்னரே, 2009 ஆகஸ்டு முதல், கார்டைக் காட்டாமல் இன்டர்நெட்டில் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு இரண்டாவது அத்தாட்சி வேண்டுமென்று விதித்து விட்டது. மேனாட்டார் பலர் அப்பொழுது இதைத் தொல்லை என்று கருதினார்கள். இவ்விஷயத்தில் இந்தியா பின்தங்கி இருக்கவில்லை.

"கம்பெனியில் ஒரு மனிதரை உட்கார வைத்து, நம் கதையைக் கேட்டுக் கதவைத் திறக்கச் சொன்னால் என்ன?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் 2012 ஆகஸ்டில் அமெரிக்காவில் மாட் ஹோனன் என்னும் பத்திரிகாசிரியருக்கு நேர்ந்ததை அவர்கள் கவனிக்க வேண்டும். திருடர்கள் அவருடைய பாஸ்வர்டை ஊகிக்கவும் இல்லை. எந்த இயந்திரத்தையும் உடைக்கவும் இல்லை. அமேஸான் கம்பெனிக்குப் போன் செய்து, சாதுரியமாகப் பேசி, அவருடைய கார்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தெரிந்துகொண்டார்கள். பிறகு ஆப்பிள் கம்பெனிக்குப் போன் செய்து, அந்த நான்கு இலக்கங்களையும் விலாசத்தையும் சொல்லி, கணக்கையே வாங்கிக்கொண்டார்கள். அவருடைய போனும் கணினியும் தூரத்திலிருந்தே துடைக்கப்பட்டன; அவருடைய பெண் குழந்தையின் புகைப்படங்களும் அவற்றோடு போயின. இரக்கமுள்ள ஒரு குமாஸ்தா, யார் அழுதாலும் திறப்பவர் ஆகிறார். திருடனுக்கு அழத் தெரியாதா? இதன் பிறகு கம்பெனிகள் மனிதனை எடுத்துவிட்டு இயந்திரத்தை வைத்தன. இயந்திரம் ஏமாறுவது குறைந்தது. ஆனால் காலாப்பட்டு வாலிபரின் உண்மையான வார்த்தையைக் கேட்கவும் அங்கே ஒருவரும் இல்லாமற் போனார்கள்.

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இரண்டாவது சாட்சியாக நம் நாட்டில் பெரும்பாலோர் நம்பியிருப்பது மொபைல் எண்ணை. இந்த எண் யாருடைய சொத்து? நம்முடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அவ்வாறன்று. டிராய் என்னும் டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 90 நாள் உபயோகமில்லாமல் கிடக்கும் பிரீபெய்டு எண்ணைக் கம்பெனி நிறுத்தி விடலாம். நிறுத்திய எண்ணை மறுபடியும் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கலாம். 2023 நவம்பரில் இவ்விஷயம் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. பழைய சொந்தக்காரரின் அந்தரங்கம் புதியவர் கையில் சிக்குமே என்று மனுதாரர் முறையிட்டார். எண்ணை விடுகிறவர்தான் தம் செய்திகளையும் கணக்குகளையும் முன்கூட்டிச் சரி செய்துகொள்ள வேண்டும் என்று கூறிக் கோர்ட்டார் வழக்கை முடித்து விட்டார்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் வளைகுடாவில் கட்டட வேலை செய்யும் ஒரு தமையனார், தம் எண்ணை நம்பித் தம்பியின் மின்னஞ்சல் நிற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மாதந்தோறும் பணம் போட்டு வருவார் என்று எதிர்பார்ப்பது நம் கிராமங்களை அறிந்தவர் பேச்சாகாது.

ஏழைக் குடும்பங்களில் சிம் என்பது தனி மனிதனுக்கு உரியதன்று, குடும்பத்துக்கு உரியது. தகப்பனார் பெயரில் வாங்கியதை மகள் உபயோகிக்கிறாள். மாமன் வாங்கித் தந்த எண்ணில் மருமகன் பேசுகிறான். போன் தொலைந்தால் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கலாம் என்பது வாஸ்தவமே. ஆனால் யார் பெயரில் எண் பதிவாகி இருக்கிறதோ அவரே அடையாளச் சீட்டுடன் கடைக்கு நேரில் போக வேண்டும். அப்படி வாங்கிய பின்னும் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. இது களவைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமானால், சிம் மாற்றிய 7 நாள் கழிந்த பின்னரே முடியும் என்று 2024 ஜூலை 1 முதல் விதி இருக்கிறது. இவையெல்லாம் நல்ல விதிகளே. பிறருடைய எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டு கொள்ளையடிக்கும் வித்தை உலகெங்கும் நடக்கிறது. ட்விட்டர் கம்பெனியின் தலைவராயிருந்த ஜாக் டார்ஸியின் சொந்த ட்விட்டர் கணக்கே 2019 ஆகஸ்டில் அவருடைய எண் மூலமாகப் பறிபோயிற்று. கம்பெனித் தலைவரின் கதியே அதுவானால், குறுஞ்செய்தி என்னும் சாட்சி எவ்வளவு பலஹீனமானது என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அமெரிக்க ஸர்க்காரின் தர நிர்ணய ஸ்தாபனமும் 2017-ல் வெளியிட்ட தன் விதிகளில் இம்முறையைக் கட்டுப்பாடுகளுடன் மட்டுமே உபயோகிக்க வேண்டிய வகையில் சேர்த்து விட்டது.

ஆகவே, ஒரே எண்ணைக் கதவின் ஒரே சாவியாக வைத்திருப்பது இரண்டு விதத்திலும் தவறு. திருடனுக்கு அது சுலபம். சொந்தக்காரனுக்கு அது கஷ்டம்.

புதுச்சேரி வாசிகளுக்கு இந்தச் சங்கடம் முற்றிலும் புதியதன்று என்று நமக்குத் தோன்றுகிறது. 1908-ல் பாரதியார் இங்கே வந்து 'இந்தியா' பத்திரிகையை நடத்தினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழையாதபடி தடுத்தார்கள். 1910-ல் பத்திரிகை நின்றது. அக்காலத்தில் இங்கே அடைக்கலம் புகுந்திருந்த தேசபக்தர்களுக்கு வந்த கடிதங்கள் ஒற்றர்களால் வழியிலேயே மறிக்கப்பட்டன. தமக்கு உரிய கடிதம் தம் கைக்கு வராத நோவு எத்தகையது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பிறகு பிரெஞ்சு ஸர்க்கார், பிற நாட்டார் இங்கே தங்க வேண்டுமானால் ஊரிலுள்ள பிரமுகர் ஐவரின் நற்சான்று வேண்டும் என்று ஒரு விதி செய்தது. அரவிந்தர் முதலியோரை வெளியேற்றுவதற்கே அந்த விதி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கலவை சங்கர செட்டியார் முதலான உள்ளூர்ப் பெரியோர்கள் அஞ்சாமல் முன்வந்து கையெழுத்திட்டார்கள். விதி தோற்றது, விருந்தினர் தங்கினார்கள்.

இந்தப் பழங்கதையை நாம் சும்மா சொல்லவில்லை. 'இவர் இன்னார் என்பதை நாங்கள் அறிவோம்' என்று நம்பிக்கையுள்ள மனிதர் சொல்வதையும் ஒரு சாட்சியாகக் கொள்ளும் முறை, மின்னஞ்சல் உலகத்துக்கு மிகத் தாமதமாகவே வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் கூகிள் கம்பெனியார், தமக்கு நம்பிக்கையான நண்பர் அல்லது உறவினர் சிலரை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, கணக்குப் பூட்டிக்கொண்டால் அவர்கள் மூலம் தம்மை நிரூபித்துக்கொள்ளும் வசதியைத் தொடங்கினார்கள். அப்படிக் குறிக்கப்பட்டவர் கணக்கைத் திறந்து பார்க்க முடியாது. 'ஆம், இவர்தான்' என்று உறுதி சொல்ல மட்டுமே முடியும். ஐவர் கையெழுத்துக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. ஆனால் இதுவும் முன்கூட்டியே குறித்து வைத்தவருக்குத்தான் பயன்படும். வெள்ளம் வந்த பிறகு கரை போட முடியாது.

வெள்ளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2024 நவம்பர் 30-ம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் நின்றது. அன்று அரிசி மூட்டையும் துணிமணியும் போனதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். நனைந்து செத்த போன்களைப் பற்றி ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. ஆனால் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்கவும், பாங்கியில் பணம் எடுக்கவும், இன்ஷூரன்ஸ் கேட்கவும் அந்தப் போன்களுக்கு வரும் ஆறு இலக்கமே கேட்கப்படுகிறது. கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது வருஷந்தோறும் ஐப்பசி கார்த்திகையில் வரக்கூடிய அபாயம்.

இனி சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். 2021-ல் இந்திய ஸர்க்கார் வெளியிட்ட இடைநிலை ஸ்தாபனங்கள் பற்றிய விதிகளின்படி, இத்தகைய ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறைதீர்க்கும் அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் அவரை அணுகும் வழியையும் வெளியிட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்தில் வந்து சேர்ந்ததென ஒப்புக்கொள்ள வேண்டும். முதலில் 15 நாளில் தீர்க்க வேண்டும் என்றிருந்ததை 2026-ல் 7 நாளாகக் குறைத்தார்கள். விதிகளை மீறியது பற்றிய புகார் மட்டுமன்று, அந்தக் கம்பெனி நமக்கு அளிக்கும் கணினி வசதிகள் சம்பந்தமான மற்ற விஷயங்களும் இதில் அடங்கும் என்பது விதியின் வாசகத்தைப் படித்தவர்களுக்கு விளங்கும். தீர்ப்புத் திருப்தியில்லை என்றால், 2023 ஜனவரியில் அமைக்கப்பட்ட மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாளுக்குள் முறையிடலாம்; வீட்டிலிருந்தபடியே இன்டர்நெட்டில் முறையிடலாம்; வக்கீல் வேண்டியதில்லை. வக்கீல் தொழிலில் பழகிய நாம் இதைச் சொல்வது நம் தொழிலுக்கு விரோதம் என்று நண்பர்கள் பரிகாசம் செய்யலாம். இருக்கட்டும்.

இவ்வளவு உரிமை காகிதத்தில் இருக்கிறது. நம் வாலிபருக்கோ அவரைச் சுற்றியிருந்த ஒருவருக்கோ இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால்தான் என்ன? பணம் கட்ட அவருக்கு இருந்தது ஏழு நாள். விதி கம்பெனிக்குக் கொடுப்பதும் அதே ஏழு நாள். அன்றியும், தம் கணக்குக்குள் புக முடியாதவன் எந்த மின்னஞ்சலிலிருந்து புகார் எழுதுவான், அது அவன்தான் என்று அதிகாரி எப்படி நம்புவார் என்ற முடிச்சும் இருக்கிறது.

கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. குஜராத்தில் ஓர் என்ஜினீயர், தாம் இரண்டு வயதுக் குழந்தையாயிருந்தபோது பாட்டி குளிப்பாட்டிய படத்தைத் தம் கூகிள் கணக்கில் சேமித்து வைத்தார். அது ஆபாசப் படம் என்று இயந்திரம் முடிவு செய்து 2023-ல் கணக்கை மூடிவிட்டது. தொழில் சம்பந்தமான கடிதங்களெல்லாம் அதற்குள் அகப்பட்டுக்கொண்டன. போலீஸாரிடமும் ஸர்க்கார் இலாகாவிடமும் அலைந்து பலனில்லாமல் அவர் குஜராத் ஹைகோர்ட்டை அணுகினார். 2024 மார்ச்சில் கோர்ட்டார் கம்பெனிக்கும் ஸர்க்காருக்கும் நோட்டீஸ் அனுப்பினார்கள். இது இருபடிச் சரிபார்ப்பு வழக்கன்று. பூட்டியது வேறு காரணத்துக்காக. ஆனால் ஒரு பாட்டியின் அன்பைக் குற்றமாகப் படித்த இயந்திரத்துக்கு எதிராக ஒரு மனிதன் பேசுவதற்கு ஹைகோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது என்பது யோசிக்கத் தக்கது. கேரள ஹைகோர்ட்டு 2019 செப்டம்பரில், கல்லூரி விடுதி மாணவி ஒருவரின் வழக்கில், இன்டர்நெட்டை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. அந்த உரிமையின் வாசலே மின்னஞ்சல் கணக்கு. வாசலை மூடிவிட்டு வீடு உன்னுடையது என்பதில் என்ன பிரயோஜனம்?

சிலர் சுலபமான பரிகாரம் ஒன்று சொல்லுகிறார்கள்: எல்லா மின்னஞ்சலையும் ஆதாரோடு கட்டிவிட்டால் விரல் ரேகையைக் காட்டித் திறந்துகொள்ளலாமே என்று. இதை நாம் வன்மையாக ஆட்சேபிக்கிறோம். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க இடந்தந்த பிரிவை வெட்டினார்கள். பின்னர் வந்த திருத்தங்களால் அந்த வாசல் மறுபடியும் சிறிது திறக்கப்பட்டிருக்கிறது. இதை மேலும் அகலமாகத் திறந்து, பிரஜைகள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் ஸர்க்கார் எண்ணோடு முடிச்சுப் போடுவது, பூட்டுக்குச் சாவி தேடப் போய்ச் சுவரையே இடித்த கதையாக முடியும். கடிதம் மறிக்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதை நாம் ஆதரிக்க முடியாது.

நாம் கேட்பது அதைவிட மிகச் சிறியது. நிரந்தரமாக நிறுத்தப்பட்ட எண்களின் ஜாபிதா ஒன்று டெலிபோன் அதிகாரிகளால் வெளியிடப்பட்டு வருகிறது. ரிசர்வ் பாங்கி 2025 ஜனவரியில் பாங்கிகள் முதலியவற்றுக்கு அனுப்பிய உத்தரவில், அந்த ஜாபிதாவைப் பார்த்துத் தங்கள் வாடிக்கைக்காரர்களின் எண்களைச் சரி செய்துகொள்ளும்படி கட்டளையிட்டது. பாங்கிக்கு அவசியமானது மின்னஞ்சல் கம்பெனிக்கு ஏன் அவசியமில்லை? எண் செத்த செய்தி கிடைத்த அன்றே, கணக்கு இன்னும் திறந்திருக்கும் போனில், "உமது எண் நின்றுவிட்டது, வேறு சாவி வைத்துக்கொள்ளும்" என்று தமிழில் ஒரு வரி காட்டினால் நம் வாலிபரின் கஷ்டம் ஆரம்பத்திலேயே தீர்ந்திருக்கும். அத்துடன், கல்வி, வேலை, வைத்தியம் ஆகியவற்றில் தேதி குறித்த ஆதாரத்தைக் காட்டி முறையிடுகிறவர்களுக்கு 7 நாள் என்பதை 3 நாளாகக் குறைக்க வேண்டும். கல்வி ஸ்தாபனங்களும் ஒரே மின்னஞ்சலை நம்பி ஒரு மாணவனின் வருஷத்தைத் தொங்க விடலாகாது. சேர்க்கைக் கடிதத்தைத் தபாலிலும் அனுப்பினால் குடி முழுகிப் போகாது.

ஸர்க்கார் செய்யும் வரை காத்திருக்க முடியாது. ஆகையால் வாசகர்கள் இன்றே செய்யத்தக்கவற்றையும் கூற வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்களுக்குக் கூகிள் முதலிய கம்பெனிகள் மாற்றுக் குறியீடுகள் தருகின்றன. கூகிளில் 8 இலக்கம் கொண்ட 10 குறியீடுகள். ஒவ்வொன்றும் ஒரு முறைக்குத்தான் செல்லும். இவற்றைப் போனிலேயே சேமித்து வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டுவதற்கு ஒப்பாகும். காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டும் பாங்கிப் பாஸ் புத்தகமும் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். போனுக்குள்ளேயே முப்பது விநாடிக்கு ஒரு முறை புது இலக்கம் காட்டும் செயலிகள் உள்ளன. அவற்றுக்கு சிம்மும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம், நடுக்கடலிலும் வேலை செய்யும். எனினும் போன் போனால் அதுவும் போகும். ஆகையால் காகிதத்தை விட்டுவிடலாகாது. 2023 மே முதல் கூகிள் கணக்குகளில் பாஸ்வர்டே இல்லாமல் கைரேகையாலோ முகத்தாலோ திறக்கும் பாஸ்கீ முறையும் இருக்கிறது. இரண்டு கருவிகள் உள்ளவர்கள் இரண்டிலும் அதை வைத்துக்கொள்வது உத்தமம்.

பூட்டிக்கொண்டவர்கள் பதறக் கூடாது. பிரௌசிங் சென்டருக்கு ஓடி, பத்துத் தடவை முயன்று பார்ப்பதே பெரும்பாலோர் செய்யும் பிழை. இயந்திரம் பார்ப்பது வழக்கமான கருவியையும் வழக்கமான இடத்தையும். முன்பின் கண்டிராத கணினியிலிருந்து திரும்பத் திரும்ப முயல்கிறவனை அது திருடன் என்றே எண்ணும். முன்பு எந்தக் கணினியில் கணக்கைத் திறந்ததுண்டோ அங்கேயே போய், நிதானமாக, கேட்ட கேள்விகளுக்கு நினைவுள்ளவரை பதில் சொல்ல வேண்டும். மீட்பு எண்ணையோ மீட்பு மின்னஞ்சலையோ வேறொருவன் மாற்றிவிட்டிருந்தால், கூகிள் கணக்கில் 7 நாள் வரை பழையதையே உபயோகித்துத் திரும்பப் பெற வழி இருக்கிறது. ஆகவே களவு போயிற்று என்று தெரிந்தால் தாமதம் உதவாது. பணம் கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று வருகிறவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். அப்படிப்பட்ட மீட்பு வியாபாரம் எதனோடும் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று கம்பெனியே அறிவித்திருக்கிறது. ஆறு இலக்கத்தைக் கேட்டு வாங்குகிறவன் யாராயிருந்தாலும் அவன் கள்ளன். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும். தொலைந்த போனை உபயோகிக்க முடியாமற் செய்ய, 2023 மே மாதத்தில் ஸர்க்கார் தொடங்கிய சஞ்சார் ஸாத்தி என்னும் வசதி இருக்கிறது.

பொது வேலை செய்கிற நம் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சங்கத்துக்கும் கட்சிக் கிளைக்கும் ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுகிறார்கள். அது காரியதரிசியின் சொந்த எண்ணில் தொடங்கப்படுகிறது. அடுத்த வருஷம் காரியதரிசி கோபித்துக்கொண்டு விலகுகிறார். அல்லது, கோபமே இல்லாமல், வேலை கிடைத்துச் சென்னைக்குப் போகிறார். அங்கத்தினர் ஜாபிதா, ரசீதுகள், மனுக்கள், தீர்மானங்கள் அத்தனையும் அவருடைய சிம்மோடு போகின்றன. வரவு செலவுப் புத்தகத்தைப் புதிய காரியதரிசியிடம் ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்குகிற நாம், மின்னஞ்சலை ஒப்படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தவே இல்லை. மாற்றுக் குறியீடுகள் எழுதிய காகிதம் உறையிட்டுப் பொக்கிஷதாரரிடம் இருக்க வேண்டும். நிர்வாகிகள் மாறும் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பிலேயே எண் மாற்றமும் பதிவாக வேண்டும். அன்றியும் இரண்டு வருஷம் திறக்காமல் கிடக்கும் கணக்குகளை நீக்கிவிடும் கொள்கையைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் அமுல் நடத்தி வருகிறது. தூங்கும் கிளைகள் பல உள்ள நாட்டில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

காலாப்பட்டில் பல்கலைக்கழகம் 1985-ல் ஏற்பட்டது. அதைச் சுற்றிலும் என்ஜினீயரிங், வைத்தியக் கல்வி ஸ்தாபனங்களும் வளர்ந்து, நாலா திசைகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். புது ஊருக்கு வந்ததும் பழைய சிம்மை எடுத்து எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது அவர்கள் வழக்கம். நகரத்திலிருந்து அங்கே போகிறவர் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் புகுந்து, மறுபடியும் புதுச்சேரி எல்லைக்குள் வருகிறார். இரண்டு ஸர்க்கார்களின் பலகைகளைப் பார்க்கிறார். டெலிபோன் வட்டம் என்னவோ இரண்டுக்கும் ஒன்றே. புது மாணவர்களுக்கு நடத்தும் முதல் வாரக் கூட்டங்களில் விடுதி விதிகளைப் படித்துக் காட்டுகிறவர்கள், 'சிம்மை மாற்றுமுன் மின்னஞ்சலில் எண்ணை மாற்று' என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்ளக் கூடாதா? நமது வாசகர்களுள் ஆசிரியர்களாயிருப்பவர்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

நம்மிடம் வந்த வாலிபருக்கு நாமும் நமது காரியாலயத்தில் கணினி அறிந்த நண்பர் ஒருவரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: முன்பு எப்போதாவது வேறு கணினியில் கணக்கைத் திறந்ததுண்டா என்று நினைத்துப் பார்க்கச் சொன்னோம். கல்லூரிப் பரிசோதனைச் சாலையில் மூன்றாவது வரிசைக் கணினியில் ஒரு முறை திறந்ததாகவும், 'இந்தக் கணினியில் மறுபடி கேட்க வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டதாகவும் அவருக்கு ஞாபகம் வந்தது. விடுமுறையாதலால் பரிசோதனைச் சாலை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் ஊருக்குப் போயிருந்தார். ஒன்பதாம் நாள் அவர் திரும்பி வந்து திறந்து விட்டார். அந்தக் கணினி ஆறு இலக்கம் கேட்காமலே வாலிபரை உள்ளே விட்டது. பணம் கட்டுவதற்குக் குறித்த தேதி அப்பொழுது கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இடத்தை இன்னும் வேறொருவருக்குக் கொடுக்காமலிருந்தால் தமக்கே தரும்படி அவர் எழுதியிருக்கிறார். இந்த முறை ரிஜிஸ்டர் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.